எழுமலைப் பக்கம் ஒரு குட்டிச் சட்டசபை

அந்த மண்டபத்தில் பெயின்ட் வாசனை இன்னும் முழுசாகப் போகவில்லை. மின்விசிறிகள் சுற்றிக்கொண்டிருந்தன. குதிரை லாட வடிவத்தில் இருக்கைகள். ஒவ்வோர் இருக்கைக்கு முன்னாலும் வார்டு எண் எழுதிய சின்னப் பலகை. லாடத்தின் வாய்க்கு எதிரே ஒரு மேடை. மேடையில் முதுகு உயர்ந்த நாற்காலி. நாற்காலியில், இஸ்திரி கலையாத நீலச் சேலையில், ஊராட்சித் தலைவர் இன்பவள்ளி.

அவருக்கு எதிரே ஓர் ஆள்கூட இல்லை.

உறுப்பினர்கள் வரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். அத்தனை பேரும் வந்திருந்தார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம், முகப்பில் நான் நிறுத்தி வைத்திருந்த கறுப்புத் தூண்களில் ஆளுக்கொன்றாக முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தே விட்டார்.

நான் எங்கே இருந்தேன் என்று கேட்பீர்கள். நிலைப்படியில். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. நரசிம்மரும் அப்படித்தான் இருந்தார் என்பார்கள். அவருக்குக் கோபம் இருந்தது. எனக்குப் பயம்தான் இருந்தது.

உள்ளே இருந்து இன்பவள்ளி என்னைப் பார்த்தார். வெளியே இருந்து துணைத் தலைவர் வீரணன் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அங்க என்னத்துக்கு நிக்கிற? இங்கிட்டு வந்து உக்காரு. என்னா காத்துங்கிற. தூண்ல சாஞ்சா முதுகுல ஐஸ் வச்ச மாதிரி இருக்குய்யா."

ஆயுசுக்கும் வீட்டு பிளான் போட்டே பிழைத்தவன் நான். நான் கட்டிய ஒன்றை ஒரு மனிதர் இவ்வளவு வாய் நிறையப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. கேட்டும் நான் நிலைப்படியை விட்டு நகரவில்லை.

மல்லிகைக்கு மேலே ஓர் ஆபீஸ்

போன வாரம் இந்தப் பத்தியில், நாகமலை புதுக்கோட்டையில் கப்பல் வடிவத்தில் தண்ணீர்த் தொட்டி கேட்ட பேராசிரியரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஐயா, நீங்கள் கட்டிய எதிலாவது யாராவது நிம்மதியாகக் குடியிருக்கிறார்களா?"

நியாயமான கேள்வி. என் மனைவியும் இதைக் கேட்டிருக்கிறார், எங்கள் வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு.

என் ஆபீஸ் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டை ஒட்டி ஒரு மாடியில் இருந்தது. கீழே மல்லிகை, மேலே நான். படியேறி வருகிறவர்கள் மூக்கு நிறைய வாசத்தோடு சந்தோஷமாக வந்து, என் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் வாடிப்போவார்கள். எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது முகப்பு. வீடு எப்படி இருந்தாலும் சரி, முன்பக்கம் மட்டும் பார்க்கிறவன் வாயைப் பிளக்க வேண்டும். இரண்டு சென்ட் இடத்தில் மைசூர் அரண்மனை கேட்பார்கள். போட்டுக் கொடுப்பேன். அரண்மனைக்குப் பின்னால் கட்டில் போட இடம் இருக்காது. அது அவர்கள் பாடு.

இன்பவள்ளி அந்தப் படியில் ஏறி வந்தது ஒரு மாசி மாதம் என்று ஞாபகம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருஷம் இருந்து, ஒரு தையல் லைன் முழுக்க மேற்பார்வை பார்க்கும் அளவுக்கு உயர்ந்து, ஊருக்குத் திரும்பியவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் அறுத்தவர்கள். அவர் காலத்தில் கண்மாய்க்குக் கீழே சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வந்திருந்தது. எழுமலைக்குப் பக்கத்தில் அந்த ஊர். தலைவர் பதவி அவர் தெருப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட முறை. நின்றார், ஜெயித்தார். அவர் தெரு ஊருக்கு வடக்கே தனியாக இருக்கிறது. இவ்வளவு சொன்னால் நம் பக்கத்து வாசகர்களுக்குப் போதும்.

ஊரின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அது என் மனைவியின் சொந்த ஊர். அங்கே நான் இன்னும் விருந்து சாப்பிடப் போக வேண்டியிருக்கிறது.

புது ஊராட்சி அலுவலகம் கட்டப் போகிறார்கள். கட்டடத்துக்கு சர்க்கார் டிராயிங் உண்டு. அதில் யாரும் கை வைக்க முடியாது. முகப்பும், உள்ளே கூட்ட மண்டபமும் மட்டும் ஊர் விருப்பம். அதை நான் செய்து தர வேண்டும்.

எந்த மாதிரி வேண்டும் என்று கேட்டேன். சட்டசபை மாதிரி என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டசபை போதுமா, பக்கத்திலேயே ஒரு கவர்னர் மாளிகையும் போட்டுவிடலாமா என்று கேட்டேன். என் நகைச்சுவைக்குச் சிரிக்காதவர்களை எனக்குப் பழக்கம்தான். ஆனால் இவர் சிரிக்காத விதம் வேறு மாதிரி இருந்தது.

அவருடைய சின்னம்மா முன்பு ஒரு முறை அதே ஊருக்குத் தலைவராக இருந்தவர். அந்தக் காலத்தில் கூட்டம் துணைத் தலைவர் வீரணனின் பருத்திக் குடோனில் நடக்கும். உறுப்பினர்கள் கட்டிலிலும் மூட்டையிலும் உட்கார்ந்திருப்பார்கள். தலைவர் குடோன் வாசலில் நிற்பார். உள்ளே பேசி முடித்ததும் தீர்மான நோட்டு வாசலுக்கு வரும். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். யாரும் திட்டியதில்லை, விரட்டியதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை.

"அஞ்சு வருசமும் சின்னம்மா நின்னுக்கிட்டேதாண்ணே தலைவரா இருந்துச்சு," என்றார் இன்பவள்ளி. "டிவில சட்டசபையக் காட்டுறப்ப பாத்திருக்கேன். எம்புட்டுப் பகையா இருந்தாலும் ஒருத்தருக்கு எதுத்தாப்புல ஒருத்தர் உக்காந்துதான் சண்ட போடுறாக. அந்த மாதிரி ஒரு எடம் வேணும். எனக்கு எதுத்தாப்புல அவுக ஒரு தடவ உக்காரணும். அம்புட்டுத்தான்."

அதன் பிறகு நான் வாயை மூடிக்கொண்டு பென்சிலை எடுத்தேன்.

எடுத்த பிறகுதான் ஒன்று உறைத்தது. வீரணன் என் மனைவியின் சித்தப்பா. எனக்கு மாமா. பொங்கலுக்கு எனக்கு வேட்டி எடுத்துத் தருகிறவர். வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தார். சித்தப்பாவைத் தான் பார்த்துக்கொள்வதாகவும், கட்டடம் இடிந்து விழாமல் மட்டும் நான் பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொல்லிவிட்டார்.

கோட்டையைப் பார்க்கப் போனோம்

சட்டசபை மாதிரி கட்டுவதென்றால் சட்டசபையைப் பார்க்க வேண்டாமா? எங்கள் பக்கத்துச் சட்டமன்ற உறுப்பினரின் ஆபீஸில் சொல்லி இன்பவள்ளி பார்வையாளர் பாஸ் வாங்கினார். அவர், அவர் கணவர், நான். மூன்று பேரும் சென்னைக்கு பஸ் ஏறினோம்.

என் மனசில் ஒரு கோட்டை இருந்தது. மதுரையில் எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு பேனரில் அந்தக் கோட்டை இருக்கும். காதுகுத்துக்கு வைத்த பேனரில்கூட, குழந்தைக்குப் பின்னால் தாய்மாமன், தாய்மாமனுக்குப் பின்னால் கோட்டை. பல் பல்லாக மதில், மூலைக்கு மூலை கோபுரம், நடுவில் ஒரு குவிமாடம். அந்தக் கோட்டையை நானே எத்தனையோ கல்யாண மண்டப வாசலுக்கு வரைந்து கொடுத்திருக்கிறேன்.

நேரில் போய்ப் பார்த்தால் மதிலும் அகழியும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உள்ளே அந்த மாளிகை இருக்கிறதே, அது வெள்ளையடித்த, நீளமான, ஒழுங்கான ஜன்னல்கள் வைத்த ஒரு கட்டடம். நிமிர்ந்து நிற்கிறது, அலட்டிக்கொள்ளவில்லை. குவிமாடம் எங்கே என்று நான் கழுத்தை வளைத்துத் தேடினேன். இன்பவள்ளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது பெரிய சைஸ் ரயில்வே ஆபீஸ் மாதிரி இருக்கிறதே என்றார்.

வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு கொடிமரம். பிறந்ததிலிருந்து கோயில் கொடிமரத்தை மட்டுமே பார்த்த கை எனக்கு. அது தன்னால் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. இன்பவள்ளியின் கணவர் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். வேண்டியதில்லை என்றேன், நிபுணன் தோரணையில்.

அப்போதுதான் தூண்களைப் பார்த்தேன்.

கறுப்பு. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த மாதிரி மினுமினுப்பு. அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு இருந்த ஒரே நகை அதுதான். எனக்குத் தொழில் புத்தி. ஒரு தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தேன். கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி பார்த்தேன். முதுகில் ஒரு கை விழுந்தது. காவலர். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"அளவு எடுக்கிறேன்," என்றேன்.

ஒரு தலைமைச் செயலகத்தில், ஒரு காவலரிடம், ஒருவன் சொல்லக்கூடிய பதில்களில் இதைவிட மோசமானது இருக்க முடியாது. அவர் முகம் மாறியது. யார் அனுப்பியது, எந்த ஊர், எதற்கு அளவு என்று கேள்விகள் வரிசையாக வந்தன. நான் திக்கினேன். இன்பவள்ளிதான் முன்னால் வந்தார்.

"மதுரக்காரரு சார். தூணக் கண்டா விட மாட்டாரு. கண்டுக்கிறாதீங்க."

காவலருக்கும் தெற்கே ஊர் போலிருக்கிறது. சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார். எங்கள் ஊரின் மானத்தைக் கொடுத்து என் மானத்தைக் காப்பாற்றிய அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன்.

மேலே பார்வையாளர் மாடத்தில் பேனா, போன் எதுவும் கூடாது. எல்லாரும் கீழே யார் பேசுகிறார்கள் என்று பார்த்தார்கள். நான் கூரையையும் இருக்கை வளைவையும் பார்த்து மனப்பாடம் செய்தேன். இன்பவள்ளி இரண்டையும் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது சொன்னார், அவ்வளவு நேரத்தில் ஒருவர்கூட வாசலில் நின்று பேசவில்லை என்று.

தூண்கள் போய் வந்த கதை

ஊருக்கு வந்ததும் அந்தத் தூண்களைப் பற்றித் தேடிப் படித்தேன். என் படிப்பு என்ன லட்சணம் என்பது உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் சரித்திர வாத்தியார்கள் மன்னிக்க வேண்டும்.

அவை பல்லாவரத்துப் பக்கம் எடுத்த கருங்கல். கும்பெனிக்காரர்கள் காலத்தில் கடல்பக்க வாசலிலிருந்து கோட்டை மாளிகைவரை இரு பக்கமும் அந்தத் தூண்களை நிறுத்தி, மேலே கூரை போட்டார்களாம். கப்பலில் வந்து இறங்குகிற துரை சென்னை வெயிலில் உருகிவிடாமல் நடந்து போக வேண்டுமே, அதற்காக.

பிறகு பிரெஞ்சுக்காரர்கள் வந்து சென்னையைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் பொன்னையும் பொருளையும் எடுத்தார்கள் என்றால் புரிகிறது. தூண்களையும் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். நம் பக்கத்தில் சண்டை வந்தால் ஆட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள், மாட்டைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தூணைத் தூக்கிக்கொண்டு போன பகையை நான் அங்கேதான் கேள்விப்படுகிறேன். என்ன ரசனை பாருங்கள்.

இங்கிலீஷ்காரர்களும் விடவில்லை. கொஞ்ச வருஷத்தில் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது, தங்கள் தூண்களைத் தேடி எடுத்துத் திரும்பக் கப்பலேற்றினார்கள். வெகு காலம் கழித்துச் சட்டசபைக்கு இடம் கட்டியபோது அவற்றில் பல அங்கே வந்து நின்றன. அவற்றுக்குக் கீழே துரைமார் இருந்தார்கள், ஜமீன்தார்கள் இருந்தார்கள். பிறகு நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் இருந்தார்கள்.

இந்தக் கதையை வீரணன் மாமாவிடம் ஒரு நாள் சொன்னேன். பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். முழுசாகக் கேட்டார்.

"அப்ப அந்தத் தூணு மொதல்ல நெழலுக்குத்தான் போட்டது?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நல்ல விசயம்," என்றார்.

வீட்டு பிளான் போடுகிறவனுக்குக் கொஞ்சமாவது மூளை இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான்.

மதுரைக்காரன் மறந்தது

எங்கள் ஊர் ஆட்களின் முதுகைப் பற்றி இங்கே சில வார்த்தை சொல்ல வேண்டும்.

கோயில் மண்டபத்தில் ஆயிரம் தூண் இருந்தால் ஆயிரத்திலும் ஒரு முதுகு சாய்ந்த வழவழப்பு இருக்கும். அந்தக் காலத்துச் சிற்பி யாளியைச் செதுக்கினான், குதிரை வீரனைச் செதுக்கினான், நம் ஆள் அந்த யாளியின் வயிற்றில் தலையை வைத்துத் தூங்கிவிட்டுப் போகிறான். சாமி கும்பிட ஐந்து நிமிஷம், தூணில் சாய ஐம்பது நிமிஷம். கல்யாண வீட்டில் சோபா காலியாகக் கிடக்கும், தூணடியில் இடம் கிடைக்காது.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். நானும் அப்படிச் சாய்ந்தே வளர்ந்தவன்தான். ஆனால் பென்சிலைப் பிடித்ததும் எனக்குள் ஒரு துரை வந்து உட்கார்ந்துவிட்டான். முகப்பு முகப்பு என்று ஒரே வெறி.

மேலூர்ப் பக்கம் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தேடிப் பிடித்துக் கான்கிரீட் தூண்களுக்குப் போர்த்தினேன். பளபளவென்று மெருகு போட்டேன். தூண் பீடத்தைச் சரியாக ஆள் உட்காரும் உயரத்தில் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருக்கும் என்று வைத்தது. அந்த ஊருக்கு மேற்கே மலை. மத்தியானமானால் அங்கிருந்து ஒரு காற்று இறங்கும். அந்தக் காற்று முகப்புக்குள் நுழைந்து வருடிக்கொண்டு போகிற மாதிரி திசை பார்த்துத் திருப்பி வைத்தேன். கூரையை இரண்டடி அதிகமாக நீட்டினேன்.

மண்டபத்தை எப்படிக் கட்டினேன்? சட்டசபை போல. ஆசாரமாக, மூன்று பக்கமும் மூடி, குரல் சிதறாமல்.

திறப்பு விழா முடிந்த மறுநாளே முகப்பில் சீட்டுக் கச்சேரி ஆரம்பித்துவிட்டது. அதற்கு மறுநாள் யாரோ மிளகாய் காயப்போட்டார்கள். மூன்றாம் நாள் என் மனைவியின் சொந்தக்காரர் ஒருவர் போன் செய்து, இப்படி ஓர் இடம் ஊருக்கு அமைந்ததே இல்லை என்று நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். நானும் நெகிழ்ந்தேன்.

பிறகு முதல் கூட்டம் வந்தது.

உள்ளே ஒருவர், வெளியே அத்தனை பேரும்

உறுப்பினர்கள் வந்தார்கள். மண்டபத்தை எட்டிப் பார்த்தார்கள். நன்றாக இருக்கிறது என்றார்கள். வீரணன் மாமா முதல் தூணடியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். உள்ளே புழுக்கமாக இருக்கிறதாம். அந்தப் பிள்ளை உள்ளே இருந்தே வாசிக்கட்டும், எங்களுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது என்று மாமா என்னிடம் சொல்லி அனுப்பினார். இன்பவள்ளியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. அவருக்கும் இன்பவள்ளிக்கும் நடுவில் எப்போதும் ஒரு மூன்றாவது ஆள் வேண்டும். கட்டடம் பார்க்க வந்த எனக்கு அந்த வேலை கிடைத்தது.

பழைய குடோனில் தலைவர் வெளியே, உறுப்பினர்கள் உள்ளே. இப்போது தலைவர் உள்ளே, உறுப்பினர்கள் வெளியே. ஊர்ச் செலவில், கருங்கல் போர்த்தி, நான் செய்து கொடுத்த மாற்றம் இது ஒன்றுதான்.

அன்றைக்கு எடுக்க வேண்டிய விஷயம் வடக்குத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய். இன்பவள்ளி ஒரே பதிலைத்தான் சொன்னார்: உள்ளே வந்து உட்கார்ந்தால் பேசலாம். நான் அதைச் சுமந்து வெளியே போனேன். வெளியே இருந்து காற்றைப் பற்றிய வர்ணனையைச் சுமந்து உள்ளே வந்தேன். கடைசியில் கூட்டம் நடக்காமலே கலைந்தது.

அடுத்த கூட்டத்துக்கு நான் ஒரு யோசனை சொன்னேன். டீயும் வடையும் மண்டபத்துக்குள் மட்டும்தான் என்று வைத்துப் பார்க்கலாம். வைத்தார்கள். என் மண்டபத்து ஜன்னல் எவ்வளவு தாழ்வு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வடைத் தட்டு ஜன்னல் வழியாக வெளியே போய், காலியாகத் திரும்பி வந்தது.

வீட்டில் மனைவி சித்தப்பாவோடு போனில் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். மாமா ரொம்பப் பதவிசாகப் பேசினார். தனக்கு யார் மேலும் வருத்தம் இல்லை, மாப்பிள்ளை கட்டிய தூணின் அருமை அப்படி என்றார். மனைவி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத இடமில்லை.

அன்று மத்தியானம்

இப்போது, நான் நிலைப்படியில் நின்ற அந்த நாளுக்கு வருகிறேன்.

சித்திரை வெயில். தார் ரோடு கானலாக ஓடியது. எதிரே வேப்ப மரத்தடியில் வடக்குத் தெருப் பெண்கள், நூறு நாள் வேலையை முடித்துவிட்டுத் தூக்குவாளியோடு நின்றிருந்தார்கள். குழாய் வருமா வராதா என்று தெரிந்துகொண்டு போக வந்தவர்கள். வேப்ப மரம் சின்ன மரம். பாதிப் பேர் வெயிலில்தான் நின்றார்கள்.

இன்பவள்ளி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அந்தத் தூண எடுத்துட்டா கூரை நிக்குமா?"

நிற்காது என்றேன்.

"அப்ப இருக்கட்டும்," என்று எழுந்தார்.

எழுந்தவர் அந்த முதுகு உயர்ந்த நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஊராட்சிச் செயலர் ஒன்றும் புரியாமல் மறுபக்கத்தைப் பிடித்தார். தேக்கு நாற்காலி, லேசில் நகராது. இருவரும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். நான் நரசிம்மர் கோலத்தைக் கலைத்து ஒதுங்கினேன். நாற்காலியை முகப்பின் நட்ட நடுவில், வீரணன் மாமாவுக்கு எதிரே இறக்கினார்கள். இன்பவள்ளி உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நெசந்தான். நல்ல காத்து," என்றார்.

நீட்டியிருந்த கால்கள் ஒவ்வொன்றாக மடங்கின. படுத்திருந்தவர் எழுந்து செருப்பைத் தேடினார். எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா மேற்கே மலையைப் பார்த்தார். மலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் மரத்தடியில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு நாற்காலியைக் கண்டு எழுந்து அந்த வெயிலில் நடப்பது அவருக்கு ஆகிற காரியம் இல்லை. அப்படியே உட்கார்ந்திருக்கவும் மனசில்லை. மிச்சம் இருந்தது ஒரே இடம். துண்டை உதறினார்.

"உள்ள ஃபேன் சும்மா ஓடுது. கரண்டு வீணாப் போகுதுல்ல," என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டு, விடுவிடுவென்று மண்டபத்துக்குள் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். எண் பலகை பார்த்து உட்கார்ந்தார்கள். பலகை இருந்தால் நம் ஆட்கள் பலகைப்படி உட்கார்ந்துவிடுவார்கள், பஸ்ஸில் ஜன்னல் சீட் தவிர.

முகப்பு காலி. மரத்தடியில் இருந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அவர்கள் பாட்டுக்கு ரோட்டைக் கடந்து வந்தார்கள். தூணுக்கு இரண்டு பேர், மூன்று பேர் என்று சாய்ந்தார்கள். தூக்குவாளிகள் திறந்தன. மோர் வாசனை வந்தது.

இன்பவள்ளி இன்னும் கொஞ்ச நேரம் காற்று வாங்கினார். பிறகு செயலரைப் பார்த்தார். நாற்காலி வந்த வழியே திரும்பியது. மேடை ஏறியது. அவர் உட்கார்ந்தார்.

வீரணன் மாமா பாதி எழுந்தார். வாசலைப் பார்த்தார். அவருடைய தூணில் ஓர் அம்மா சாய்ந்து, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கஞ்சி இப்போதைக்கு முடிகிற மாதிரி இல்லை. மாமா மெதுவாக உட்கார்ந்தார். வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையைக் கனைத்தார். எனக்காக ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், சொல்லி அனுப்ப. நான் அப்போது கூரையில் ஏதோ விரிசல் இருக்கிறதா என்று மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவரே நேராகப் பார்த்துச் சொன்னார்.

"ஃபேனக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்க தலைவரே. உள்ள காத்தே வரல."

இன்பவள்ளி செயலரிடம் சொன்னார். ஃபேன் கூடியது. குழாய் விஷயம் எடுத்தார்.

உடனே எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள் என்று எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். மாமா விட்டாரில்லை. குழாய் அவர் பருத்திக் காட்டு வழியாகப் போகக் கூடாது என்றார். காட்டு வழியாகப் போகவில்லை, வரப்போரமாகத்தான் என்றார் இன்பவள்ளி. வரப்பும் தன்னுடையதுதான் என்றார் அவர். அப்படியானால் ரோட்டோரமாகச் சுற்றிக் கொண்டு வரலாம், ஆனால் கிழக்குத் தெருவையும் தோண்ட வேண்டி வரும் என்றார் இவர். கிழக்குத் தெரு உறுப்பினர் தூக்கம் கலைந்து நிமிர்ந்தார். குரல்கள் ஏறின. மாமா மேஜையைத் தட்டினார். இன்பவள்ளியும் தட்டினார். மேடை மேஜைக்குச் சத்தம் அதிகம், அது என் வேலைப்பாடு. வாசலில் பெண்கள் கஞ்சியை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, எதிரும் புதிருமாக உட்கார்ந்தே சண்டை போட்டார்கள். ரோட்டோரமாகக் கொண்டு வருவதென்று முடிவாக வெகு நேரமாயிற்று.

நடுவில் ஒரு தடவை இன்பவள்ளியின் முகத்தைப் பார்த்தேன். மாமா எதையோ கடுமையாக மறுத்துப் பேசிக்கொண்டிருந்தார். இவர் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உதட்டோரம் சிரிப்பு. கல்யாணத்தில் நாதஸ்வரம் கேட்கிறவர் மாதிரி.

நெடுநேரம் நின்றதில் எனக்குக் கால் கடுத்தது. உட்கார இடம் தேடினேன். உள்ளே உறுப்பினர்களுக்கு மட்டும்தான் இருக்கை, அளவெடுத்துப் போட்டவன் நானே. முகப்புக்கு வந்தேன். எந்தத் தூணிலும் ஒரு சாண் இடம் இல்லை. வாசலுக்குக் குறுக்கே திகைத்து நின்றேன்.

"யாரு சார் நீங்க? ஓரமா நில்லுங்க. உள்ள பேசுறது கேக்கல, காத்தும் வரல," என்றார் வெங்காயம் கடித்த அம்மா.

ஓரமாக நகர்ந்தேன். கூரை அங்கே முடிந்துவிட்டிருந்தது.